படத்துக்குக் கீழே ஓடிய உன் எழுத்து

சங்கு, என் சங்குப்பயலே,

அரசாங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதத்தான் உட்கார்ந்தேன். இண்டர்நெட்டில் படம் திருடுகிறவர்களைப் பிடிக்கப் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம் என்று உன் கூட்டாளி காதர் வந்து சொன்னான். "நீங்க எழுதுங்கம்மா, இதுல பட்டது நீங்கதான" என்றான். 'ஐயா' என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அரசாங்கத்திடம் பேசத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. யாரோ ஒரு ஐயாவிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருந்த காலமெல்லாம் உனக்குப் புத்தி சொல்லியே பழகிய வாய் இது. ஹெல்மெட் போடு, நேரத்துக்குச் சாப்பிடு, ராப்பகலாகக் கம்ப்யூட்டரைப் பார்க்காதே என்று எவ்வளவோ சொன்னேன். இன்றைக்குச் சொல்லப்போவது புத்தி இல்லை. கரிவலம் ரோட்டில் நீ பைக்கோடு விழுந்து எங்களை விட்டுப் போன பிறகு உனக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லப்போகிறேன். நீ எழுதி வைத்ததை எல்லாம் அழியக் கொடுத்தவள் உன் அம்மாதான். இந்தக் கடிதத்தை உன் தங்கச்சி கோமதி டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்புகிறாள். ஊரும் படிக்கட்டும். என் பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசுமோ என்று பயந்துதான் அதைச் செய்தேன். அதனால் ஊருக்கு முன்னால் சொல்வதுதான் சரி.

திருட்டு என்ற சொல் நம் வீட்டில் எப்படிப்பட்ட சொல் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். திருட்டு சிடி வந்தது, கூட்டம் குறைந்தது, தியேட்டர் கல்யாண மண்டபமாக மாறியது. அதே வாசலில் கொஞ்ச காலம் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றார். பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டில் புதுப்படம் ஓடும் சத்தம் கேட்டுச் சாப்பிட்ட தட்டை விட்டு எழுந்து போனார். "அவனுவ வீட்டுக்குள்ள ஓடுதது படமில்லட்டி, என் சோறு" என்றார். நீ மொபைல் கடை போட்ட புதிதில் எல்லாக் கடையிலும் செய்கிற மாதிரி மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுத்தாய். அது தெரிந்ததும் அவர் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நீயும் மறுபேச்சு இல்லாமல் படம் ஏற்றுவதை நிறுத்தினாய். அவர் காலம் முடிகிற வரை அந்தக் கடையில் ஒரு படம்கூட ஏற்றிக் கொடுக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துமா இப்படிச் செய்தாய் என்று நீ கேட்கலாம். தெரிந்துதான் செய்தேன்.

கோமதிக்குக் காது கேட்காது என்பது அவள் தவழும் வயதில் தெரிந்துபோயிற்று. சிறுபிள்ளையில் அவளைப் படத்துக்குக் கூட்டிப் போனால் எல்லாரும் சிரிக்கிறபோது அவளும் சிரிப்பாள். "பாருங்க, அவளுக்கும் புரியுது" என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். நீதான் அதைக் கண்டுபிடித்தாய். "யம்மா, அவ படத்தப் பாத்துச் சிரிக்கல, நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிக்கா. நாம சிரிச்ச பொறவுதான் சிரிக்கா, கவனிச்சியா?" என்றாய். நான் கவனிக்கவில்லை. நான் கவனித்ததெல்லாம் அவள் சிரிக்கிற சத்தம்தான். அது மற்றவர் சிரிக்கிற மாதிரி இருக்காது, தொண்டைக்குள்ளிருந்து உடைந்து வரும். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவள் வாயைப் பொத்துவேன். சிரிக்கிற பிள்ளையின் வாயைப் பொத்திய கை இது. இந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு நீ அவளுக்காகப் படத்து வசனங்களை எழுத ஆரம்பித்தாய். கடையை அடைத்துவிட்டு வந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுதுவாய். நான் ஒரு ஓரத்தில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே பார்ப்பேன். "ஏலே, பரீட்சைக்குக்கூட இப்படி எழுதலியே, எழுதியிருந்தா இந்நேரம் கலெக்டரு" என்பேன். "கலெக்டரு அம்மா இப்படித் தார் சுத்திக்கிட்டு இருப்பாளா, பேசாம சுத்தும்மா" என்பாய். வசனம் மட்டும் எழுதினால் போதாது என்று சத்தத்தையும் எழுதினாய். (கதவு கிறீச்சிடும் சத்தம்). (தூரத்தில் பஸ் ஹாரன்). (மழை வலுக்கிறது). மழை பெய்தால் சத்தம் வரும் என்பதே கோமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடி வந்து என் கையைப் பிடித்து, கூரை ஓட்டைக் காட்டி, காதைக் காட்டி, நிஜமா என்று கேட்டாள். அவள் அம்மா அவளுக்கு அதுவரை சொல்லாத விஷயம் அது. சொல்லத் தோன்றவில்லை.

நீ எழுதி முடித்த முதல் படத்தை டிவியில் போட்டாய். கீழே எழுத்து ஓடியது. எழுத்து வசனத்துக்கு ஒரு நொடி முந்தி வந்துவிடும் போல. நாமெல்லாம் நடிக்கிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கோமதி வெடித்துச் சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் நமக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் அவள் வாயைப் பொத்தவில்லை. நீ என்னைப் பார்த்தாய். என் கை பாதி எழுந்து நின்றதை நீ பார்த்திருப்பாய்.

அதை நீ இண்டர்நெட்டில் போட்டதும், எங்கெங்கோ இருந்து காது கேட்காத பிள்ளைகள் உனக்கு எழுதினார்கள். இந்தப் படத்துக்கு எழுதுங்கள் அண்ணா, அந்தப் படத்துக்கு எழுதுங்கள் அண்ணா என்று. எனக்கு அதில் பெருமை இருந்திருக்க வேண்டும். உன் அத்தை வந்து, "ஊமைச்சிக்கு எதுக்கு சினிமா? ஆம்பளப்பயல் பொழப்ப விட்டுட்டு இதுலயா கெடப்பான்?" என்று கேட்டாள். அவளை வெளியே போகச் சொல்லவில்லை நான். காப்பி போட்டுக் கொடுத்தேன். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம் மொபைல் கடை என்றேன். அதற்கு மேல் சொன்னதில்லை. படம், இண்டர்நெட் என்று வாயைத் திறந்தாலே அடுத்த சொல் திருட்டு என்று வந்துவிடுமோ என்று ஒரு பயம். நீ படக் கம்பெனிகளுக்கு அனுமதி கேட்டு எழுதியதும், ஒருத்தரும் பதில் போடாததும் எனக்குப் பிறகு காதர் சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லையா, சொல்லியும் நான் காதில் வாங்கவில்லையா, எனக்கு நினைவில்லை.

நீ போன பிறகு உன் போனை நான் அணைக்கவில்லை. ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருந்தேன். உன்னைத் தேடி யாராவது கூப்பிட்டால், சங்கர் இருக்காரா என்று ஒரு குரல் கேட்டால், அந்த ஒரு கணம் நீ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும். அந்த ஆசைக்காக வைத்திருந்த போனில்தான் அந்த அழைப்பு வந்தது. காலை வேளை. கோமதி நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போயிருந்தாள்.

"அம்மா, ஒரு சினிமா கம்பெனி சார்பா சென்னையிலேருந்து பேசறேன். சங்கர் இருக்காரா?" என்றது ஒரு பையன் குரல். மவன் தவறிட்டான் என்றேன். "ஐயோ, சாரிம்மா" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான், அது குரலில் தெரிந்தது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அவர் பேர்ல ஒரு வெப்சைட் இருக்கு. படத் திருட்டுக்கு உதவுற சைட்டுங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இதுவும் வந்திருக்கு" என்றான். திருட்டு. அந்தச் சொல் உன் அப்பா குரலில் எனக்குக் கேட்டது. "புதுச் சட்டம் வரப்போகுது. வந்துட்டா போலீஸ் வீடு தேடி வரும், பேப்பர்ல பேர் வரும். இறந்தவர்னு பார்க்க மாட்டாங்க. இப்பவே நாமளே மூடிட்டா ஒண்ணும் இல்ல. இந்த போனுக்கு ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

என் பிள்ளை படம் போடவில்லை, எழுத்துதான் போட்டான், தங்கச்சிக்காக எழுதினான். இந்தப் பதில் என் வாய் வரைக்கும் வந்தது, சங்கு. நான் முழுங்கிவிட்டேன். கண்முன்னே பேப்பர் தெரிந்தது. அதில் உன் போட்டோ. நாங்கள் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அதே போட்டோ. கீழே அந்தச் சொல். வாதம் செய்யாமல், யாரையும் கேட்காமல், காதருக்கு ஒரு போன் போடாமல், வந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, பதறிப்போய், "இருங்க தம்பி, கண்ணாடி போட்டுட்டு வாரேன்" என்று கண்ணாடி எடுத்து வந்து மறுபடி படித்தேன். அந்த நேரத்திலாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். "ரொம்ப நன்றிம்மா, உங்க பையன் பேரைக் காப்பாத்திட்டீங்க" என்றான். உன் போட்டோவுக்கு விளக்கேற்றினேன். "இனி ஒன்ன யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்கய்யா" என்று உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கோமதி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உன் வெப்சைட் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பக்கம். ஒன்றும் இல்லை. நான்தான் என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். ஏதோ நல்லது செய்த மாதிரி, உன் போட்டோவைக் காட்டி, இனி கெட்ட பெயர் இல்லை என்று கையை ஆட்டினேன். அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நீ செத்த அன்றுகூட அவள் அப்படிச் சத்தம் போடவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. பழக்கத்தில் என் கை அவள் வாய்க்குப் போனது. அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். எனக்குப் பிறந்த பிள்ளை என்னைத் தட்டிவிட்டதில் தப்பே இல்லை.

விஷயம் கேள்விப்பட்டுக் காதர் கடையநல்லூரிலிருந்து ஓடி வந்தான். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "என்னம்மா இப்படிச் செஞ்சிட்டிய? சட்டம் இன்னும் வரவே இல்லம்மா. வெறும் பேச்சுல இருக்கு. அதச் சொல்லியே ஒங்களப் பயமுறுத்திட்டானுவ."

"அது திருட்டு இல்லையாலே, காதரு?" என்றேன்.

"சங்கு போட்டது வெறும் எழுத்தும்மா. படத்த அவங்கவங்க டிவியிலயும், காசு கட்டியும்தான் பாக்காவ. பக்கத்துல இவன் எழுத்து ஓடும், அம்புட்டுத்தான். அந்த வசனம் கம்பெனிக்குச் சொந்தம், கேக்காம எழுதக் கூடாதும்பாங்க. சரிதான். இவன் கேட்டானே, பதில் சொன்னாவளா? சரியா தப்பான்னு ஒரு ஜட்ஜுக்கு முன்னால நின்னு பேச நமக்கு இன்னைக்கு எடம் இருக்கு. வரப்போற சட்டத்துல அது கெடையாதும்மா. புகார் குடுத்தா ஒடனே மூடிரணும். மூடுன பொறவு நீ போயிக் கேட்டுக்கிட்டே கெட. திருட்டுப் படம் போடுதவன் நாளைக்கே வேற பேர்ல கடை தொறந்துருவான், அவனுக்கு என்ன? நம்மளப் போல ஆளுவதான் போயிருவோம்."

அவன் சொன்னதை நான் பல நாள் தார் சுற்றிக்கொண்டே யோசித்தேன். திருட்டை நான் நியாயம் பேச மாட்டேன், சங்கு. ஒரு தியேட்டர் எப்படிச் செத்தது என்று பார்த்தவள் நான். பாடுபட்டுப் படம் எடுத்தவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும், நூல் நூற்றவனுக்குக் கிடைக்க வேண்டிய மாதிரி. ஆனால் ஒரு வீட்டில் திருட்டு நூல் இருக்கிறது என்று புகார் வந்தால் தெருவுக்கே கரண்டைப் பிடுங்கினால், மற்ற தறிக்காரன் எங்கே போய்ச் சொல்வான்? உன் அப்பா டிக்கெட் இல்லாமல் நுழைகிறவனைக்கூட முதலில் கேட்பார், "ஏன்வே, எங்க போறீரு?" என்று. பதில் வந்த பிறகுதான் சட்டையைப் பிடிப்பார். ஒரு தடவை அப்படி நின்றவர் ஆபரேட்டர் அண்ணாச்சிக்கு வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்தவர். கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால், உள்ளே ஒரு மனுசன் பசியோடு படம் ஓட்டிக்கொண்டு இருந்திருப்பார். அரசாங்கத்துக்கு எழுதுவதென்றால் நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். முதலில் கேளுங்கள் ஐயா.

அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நானே உன்னைக் கேட்கவில்லை. அந்தச் சட்டம் எதைச் செய்துவிடும் என்று காதரும் கோமதியும் பயப்படுகிறார்களோ, அதை நான் சட்டம் வருவதற்கு முன்னாலேயே என் வீட்டில் செய்து முடித்துவிட்டேன். யாரோ புகார் சொன்னார்கள், நான் மூடினேன்.

கோமதி என்னோடு பேச நாளாயிற்று. நீ எழுதியதெல்லாம் உன் கம்ப்யூட்டரில் இல்லை, அந்த வெப்சைட்டில்தான் இருந்ததாம். காதரும் அவளும் அவள் சிநேகிதிகளும் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார்கள். நீ எழுதியதைத் தங்கள் போனில் இறக்கி வைத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு பெண், துபாயிலிருந்து ஒரு பையன். எல்லாம் கிடைக்கவில்லை. நீ கடைசியாகப் பாதி எழுதி வைத்திருந்தது அங்கே உன் கணக்கில் மட்டும்தான் இருந்திருக்கும் போல, அது போனது போனதுதான். கிடைத்ததை வைத்து மறுபடி திறக்கப் போகிறோம். அதற்குப் பொறுப்பு என்று ஒரு பெயர் போட வேண்டுமாம். காதருக்கு வெளிநாடு போக வேண்டும், கோமதிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "எம்பேரப் போடு" என்றேன். "சட்டம் வந்துட்டா மொதல்ல ஒங்களத்தாம்மா தேடுவாவ" என்றான் காதர். "தேடட்டும். தறி வீட்ட எவனும் சொல்லுவான், வழி கேட்டு வரட்டும்" என்றேன். கோமதி அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை.

இப்போது நானும் எழுதுகிறேன். எனக்குக் காது கேட்கிறது, எழுத்து கூட்டத் தெரிகிறது, வேறு என்ன வேண்டும்? நான் கேட்டுப் பேப்பரில் எழுதிக் கொடுக்க, கோமதி டைப் செய்கிறாள். என் எழுத்துப் பிழையைப் பார்த்துக் கேலி செய்கிறாள். (சத்தம்) என்று மட்டும் எழுதினால் பேப்பரைத் திருப்பி வீசுகிறாள். என்ன சத்தம், எங்கேயிருந்து வருகிறது, அண்ணன் எழுதுவானே என்று விரலால் கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் போனிலிருந்து ஒரு வீடியோவை எடுத்து வந்து, இதற்கு எழுது என்றாள். ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு நீ எடுத்தது. அம்மன் சப்பரத்தைப் பார்த்துச் சனம் நேர்ச்சையாகப் பருத்தியும் வத்தலும் வீசுகிறது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருத்தர் தன் காட்டில் விளைந்ததென்று கொடுத்த பருத்தியைக் கோமதியும் வீசுகிறாள். அது சப்பரத்துக்குப் போகாமல் ஒரு போலீஸ்காரர் தொப்பியில் போய் உட்காருகிறது. பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டு ஓடுவதால் இந்த வீடியோவை இண்டர்நெட்டில் போட்டால் அதையும் ஒரு நாள் கேட்காமல் எடுத்துவிடுவார்களாம், காதர் சொன்னான். நீ அதில் எங்கேயும் தெரியவில்லை. குரல் மட்டும் இருக்கிறது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்து, நீ செய்கிற மாதிரியே திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுதினேன். (கூட்ட இரைச்சல்). (ஒலிபெருக்கியில் பாட்டு). (அண்ணன் கூப்பிடுகிறான்) கோமு... ஏட்டி கோமு... இங்கன பாருட்டி. (அண்ணன் சிரிக்கிறான்).

கோமதி அதை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, கையை விரித்து, என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குக் கேட்காதே, எதற்குக் கூப்பிட்டான்?

சங்கு, அவளுக்குக் கேட்காது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கையைத் தட்டுவேன், தோளைத் தொடுவேன், ஒரு பருத்திக்கொட்டையை எடுத்து எறிவேன். பெயர் வைத்தவள் நான், வைத்ததோடு சரி. நீ அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், அவள் முதுகைப் பார்த்து மூச்சுவிடாமல் கூப்பிடுகிறாய். அவளுக்குக் கேட்காது என்று எங்கள் எல்லாரையும்விட உனக்குத்தானே நன்றாகத் தெரியும். பிறகு ஏன்லே கூப்பிட்டாய்?